ஒரே நாடகம், இரண்டு ராத்திரி

கேள்வி: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாடகத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச், ஜானி லீ மில்லர் இருவரும் ஒருநாள் விஞ்ஞானியாகவும், இன்னொரு நாள் அவன் உருவாக்கிய ஜந்துவாகவும் மாறி மாறி நடித்தார்களாமே? யார் உசத்தி? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே வார்த்தைக்கு ஆசிரியர் சன்மானம் தரமாட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

2011-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேனி பாயில் இயக்கியது. மேரி ஷெல்லியின் நாவலை நாடகமாக்கியவர் நிக் டியர். நான் லண்டன் போய்ப் பார்த்தவனில்லை. 2020 ஊரடங்கில் தியேட்டர்காரர்களே யூடியூபில் ஒரு வாரம் இலவசமாக விட்டார்கள். ஏப்ரல் 30 அன்று கம்பர்பேட்ச் ஜந்து. மறுநாள் மில்லர் ஜந்து. நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரை. மகனின் லேப்டாப்பை டிவியில் செருகி, கீழே எழுத்து ஓடவிட்டு உட்கார்ந்தேன். “என்னங்க இது, ஒருத்தன் தரையில உருண்டுகிட்டே இருக்கான்” என்று சொல்லிவிட்டு என் மனைவி தூங்கப் போய்விட்டாள்.

அவள் பார்த்ததுதான் நாடகத்தின் உயிரான இடம். கருப்பை போன்ற ஒரு வட்டத்துக்குள்ளிருந்து ஜந்து வெளியே விழுகிறது. எழுந்து நிற்கவே அதற்குப் பல நிமிடங்கள் ஆகின்றன, வசனம் கிடையாது. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான பல்புகள் மின்னி மின்னி அணைகின்றன. இந்த இடத்துக்காக, பக்கவாதம் வந்து தேறுகிறவர்கள் உடம்பை எப்படித் திரும்பப் பழக்குகிறார்கள் என்று கம்பர்பேட்ச் கவனித்தாராம். மில்லருக்கு வீட்டிலேயே வாத்தியார், அவருடைய சின்னப் பையன். அது மேடையில் அப்படியே தெரிகிறது. கம்பர்பேட்சின் ஜந்து எதையோ இழந்துவிட்டுத் தேடுகிற பெரிய ஆள். மில்லரின் ஜந்துவுக்கு இழக்க எதுவுமே இல்லை. அது இப்போதுதான் பிறந்திருக்கிறது. விழுந்துவிட்டுச் சிரிக்கிறது. முதல் அரைமணி நேரத்துக்கு என் ஓட்டு மில்லருக்கே.

ஆனால் கண் தெரியாத கிழவர் அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு கணக்கு மாறுகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்த ஜந்து, தன்னைப் படைத்தவனைப் பனிமலையில் மடக்கி, ‘எனக்கு ஒரு துணை செய்து கொடு’ என்று வாதாடும் காட்சியைப் பாருங்கள். கம்பர்பேட்சின் நாக்கு அங்கே வக்கீல் நாக்கு. மில்லரிடம் அந்தக் கூர்மை இல்லை. அடிபட்ட பிள்ளையின் கோபம்தான் இருக்கிறது.

சரி, விஞ்ஞானி விக்டர்? அவனை யாருமே கேட்பதில்லை, பாவம். நாடகத்தின் முன்பாதியில் அவன் தலைகாட்டுவதே அபூர்வம். பிறகு வந்து, அத்தனை நேரமும் ஜந்துவோடு பழகிவிட்ட நம்மிடம் பேர் வாங்க வேண்டும். கம்பர்பேட்சின் விக்டர், எதிரே நிற்பது உயிர் என்ற நினைப்பே இல்லாமல், தன் கைவேலையைப் பார்க்கிற பொறியாளர் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மில்லரின் விக்டர் காய்ச்சல்காரர். அவர்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. இரக்கம் வந்தால் கதை கொஞ்சம் நொண்டுகிறது.

ஆகவே என் கட்சி: மில்லர் ஜந்து, கம்பர்பேட்ச் விக்டர். உங்களுக்கு வேறு கட்சி இருக்கலாம். 2012-ல், லண்டன் நாடகங்களுக்குப் பரிசு தரும் ஒலிவியே விருதுக் குழுவும் திண்டாடிப்போய், சிறந்த நடிகர் விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது.

கேள்வி: இது புது உத்தியா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பழசு. 1935-ல் லண்டன் நியூ தியேட்டரில் நடிகர்கள் ஜான் கில்குட்டும் லாரன்ஸ் ஒலிவியேவும் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டில் ரோமியோ, அவன் நண்பன் மெர்குஷியோ வேடங்களை மாற்றிக்கொண்டார்கள். முதலில் ரோமியோவானவர் ஒலிவியே. செய்யுளைச் சொல்லத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் பிய்த்துவிட்டார்கள். சில வாரம் கழித்து கில்குட் ரோமியோ. மெர்குஷியோ பாதி நாடகத்தில் செத்துப்போவான் என்பதால், யாராவது ஒருவருக்குத் தினமும் சீக்கிரம் ஓய்வு!

திண்டுக்கல்காரருக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டைத் தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். வள்ளி திருமணம் ஒன்றுதான், முருகன் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் அங்கே முருகனும் நாரதரும் மறுநாள் வேடம் மாற்றிக்கொள்வதில்லை.

கேள்வி: இரண்டு பேருடைய வசனமும் ஒருவருக்கே மனப்பாடம் என்றால் குழம்பாதா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: குழம்பும், தம்பி. நானே சாட்சி. அலுவலக நாடகமொன்றில் எனக்குத் தம்பி வேடம். அண்ணனாக நடித்தவர் காய்ச்சலில் படுக்க, அவர் வேடம் என் தலையில் விழுந்தது. முப்பது ஒத்திகையில் கேட்டுக் கேட்டு வசனம் ஒன்றுவிடாமல் வந்தது. கால்தான் தம்பி நிற்கும் இடத்துக்கே போனது. “எங்கேடா போயிருந்தே?” என்று அதட்டிவிட்டு, “கோயிலுக்குண்ணே” என்று நானே பதிலும் சொன்னேன். தம்பியாக வந்த புதுப் பையன் வாயைத் திறந்தபடி நின்றான். சபையில் ஒரே கைதட்டல், காமெடி என்று நினைத்துக்கொண்டார்கள்.