மாடியில் பூச்சு பூசும் முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். கட்டி 18 வருடம் ஆகிறது. ஜூன் மழை வந்தால் படுக்கையறைக் கூரையின் மேற்கு மூலை ஊறி நனைகிறது. ஐப்பசியில் இன்னும் மோசம், சொட்டவே செய்கிறது. மொட்டைமாடியில் இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டால் தீரும் என்கிறார் கொத்தனார். வாட்டர்ப்ரூஃப் பூச்சே போதும் என்கிறார் பெயின்ட் கடைக்காரர். கோடைக்குள் முடிக்க வேண்டும். எதைச் செய்வது? பின்னால் ஓடு போட்ட சமையலறையும் இருக்கிறது.

பதில்: கொத்தனார் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். 2 அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ வரும். உங்கள் தளம் 1000 சதுர அடி என்றால் 11 டன். மூன்று யானைகளை மாடியில் நிரந்தரமாகக் கட்டிவைப்பது போல. பூச்சு அப்படிக் கெடுதல் செய்யாது. ஆனால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியாமல் பூசினால் காசு போகும், ஒழுகல் போகாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நனைகிற மூலையை ஏப்ரலில் தொட்டுப் பாருங்கள். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை அங்கே வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம், அதாவது கூரையைத் தொடும் பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் கான்கிரீட்டுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. பல நாள் மழையே இல்லாமல் இப்படி என்றால் மழையைக் குற்றம் சொல்லாதீர்கள். மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் பாருங்கள். என் சொந்த வீட்டிலேயே மூன்று வருடம் தளத்துக்குப் பூச்சு மேல் பூச்சு பூசினேன். கடைசியில் பார்த்தால், தொட்டி நிரம்பி வழியும் குழாயின் மூட்டு விட்டுப்போயிருந்தது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்பவன் வீட்டு லட்சணம் அது.

உலர்ந்திருந்தால் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை. தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். கைப்பிடிச்சுவரில் மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அதனால் பக்கத்தில் ஓர் அகலப் பாத்திரத்திலும் அதே உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் 48, இரண்டையும் ஒப்பிடுங்கள். பாத்திரத்தைவிடத் தளத்தில் அதிகம் குறைந்திருந்தால் அது எங்கோ உள்ளே போகிறது. மேற்குப் பாதியைத் தனியாக மணல் மூட்டையால் தடுத்துச் செய்தால் இடம் இன்னும் சுருங்கும். ஒன்று மட்டும்: கூரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் இந்தச் சோதனை வேண்டாம். துருப்பிடித்த கம்பி பருத்துத்தான் காரையைத் தள்ளுகிறது. அங்கே முதலில் ஒரு பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. தென்மேற்கு மழையின் சாரல் மேற்குச் சுவரில் அடிக்கும். ஐப்பசிக் காற்று எதிர்ப்பக்கம், வடகிழக்கிலிருந்து வருவது. அப்போதும் அதே மேற்கு மூலை சொட்டுகிறது என்றால் சுவரைவிடத் தளத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, அல்லது குழாய் வாயைச் சுற்றிய வட்டம். பத்தில் ஏழெட்டு வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது என் அனுபவம். அங்கே பழைய காரையைக் கொத்தி எடுத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் மூலையைச் சரிவாக மெழுகச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் அது ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும்; ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். தளத்தின் நடுவே ஓடும் விரிசலுக்கு வெறும் சிமென்ட் உதவாது. 10 மீட்டர் தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். இழுத்தால் இழுபடும் சீலன்ட்தான் (விரிசலை அடைக்கும் பசை) அங்கே நிற்கும்.

இதெல்லாம் முடிந்து தளம் உலர்ந்த பிறகு, கடைக்காரர் சொன்ன பூச்சைத் தாராளமாகப் பூசலாம். காலை பத்து மணிக்குள், இல்லாவிட்டால் நான்கு மணிக்கு மேல். உச்சி வெயிலில் கொதிக்கும் தளத்தில் பூசினால் கொப்புளம் கட்டி உரியும். கைப்பிடிச்சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றிப் பூசச் சொல்லுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். ஆனால் மே மாதப் பிற்பகல்களில் இடியோடு கோடைமழை கொட்டும் என்பது உங்களுக்கே தெரியும். மே இரண்டாம் வாரத்துக்குள் முடியும்படி ஆளைப் பிடியுங்கள்.

ஓட்டுச் சமையலறைக்கு வேலை குறைவு. உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டின் காரையைப் பார்த்து, ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மரத்தில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மாற்று ஓட்டைப் பழைய ஓட்டோடு கோத்துப் பார்த்து வாங்குங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், இடைவெளி விழுந்தால் சாரல் உள்ளே வரும். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரக்கிளையையும் இப்போதே வெட்டுங்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது குமரியில் எத்தனை மரம் சாய்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றை ஒடித்தால் போதாது, காரையைக் கொத்தி வேரோடு எடுக்க வேண்டும்.

அந்த மூலைக்குப் பட்டி பார்த்து உள்பெயின்ட் அடிப்பதை மட்டும் இந்தக் கோடையில் செய்யாதீர்கள். கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கறை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால், தை பிறந்ததும் பெயின்டரைக் கூப்பிடலாம்.