லெஃப்ட் டேக்கிள் ஆடும் மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாலஸுக்கு வடக்கே வீடு. பதினோராம் வகுப்பு முடிக்கப்போகும் மகன், ஆறடி நான்கு அங்குலம், 118 கிலோ, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லெஃப்ட் டேக்கிள். மூன்று கல்லூரிகள் பேசத் தொடங்கிவிட்டன. அப்பா இன்ஜினீயரிங் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். இதுவரை ஓர் ஆட்டத்துக்கும் போனதில்லை. "பந்தைத் தொடவே தொடாத ஓர் இடத்துக்காக இவன் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரங்களில் டேக்கிள்கள். ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். வலது கையால் பந்தெறியும் அவர் எறியத் திரும்பும்போது அவருடைய இடப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து பாய்ந்து வருபவனை மறிப்பதுதான் உங்கள் மகனின் வேலை. கபடியில் சங்கிலி பிடித்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை நழுவினால் போதும், பாடி வந்தவன் கோட்டைத் தொட்டுவிடுவான். இங்கே ஐந்து பேர் சங்கிலி. மோதல் சில விநாடிதான். அதற்கு முன் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரை மறிப்பது என்று கத்திச் சொல்லி, எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். தடித்த உடம்பு மட்டும் இருந்தால் இந்த இடத்தில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அப்பாவிடம் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். ஜான் உர்ஷல் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் கார்டாக ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுகலை முடித்தார், அங்கேயே மாணவர்களுக்குக் கணித வகுப்பும் எடுத்தார். 2014இல் பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார், ஆடிக்கொண்டே எம்.ஐ.டி.யில் ஆய்வு தொடங்கினார், இப்போது அங்கேயே கணிதப் பேராசிரியர். லோரான் டுவெர்னே-டார்டிஃப் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 2018இல் மருத்துவப் பட்டம், 2020இல் கான்சஸ் சிட்டி அணியோடு சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் வெற்றி. அதே ஆண்டு கொரோனா பரவியபோது மான்ட்ரியலுக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணிக்குப் போனார், அடுத்த பருவ ஆட்டத்தையும் விட்டுவிட்டார். எல்லாரும் இப்படி ஆகிவிட மாட்டார்கள். ஆனால் படிப்பும் இந்த ஆட்டமும் ஒன்றாகப் போகவே போகாது என்ற பேச்சை உங்கள் வீட்டில் இனி யாரும் எடுக்க வேண்டாம்.

தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். கனவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குப் போகிறவர்கள் சுமார் 7 சதவீதம். அங்கிருந்து, தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டுக்குத் தகுதி பெறுவோரில் நூற்றுக்கு இரண்டு பேரைக்கூட என்.எஃப்.எல். அணிகள் எடுப்பதில்லை. பையனுக்கு இது தெரியும், இந்த வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகவே அறிவார்கள். உங்கள் முன் இருக்கும் முடிவு அடுத்த நான்கைந்து ஆண்டுகளைப் பற்றியது. அந்த ஆண்டுகள் அவனுக்கு எதைக் கொடுக்கும், அவன் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்ளும்? இதைத்தான் எடைபோட வேண்டும்.

வந்திருக்கும் மூன்று அழைப்புகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. பெரிய பல்கலைக்கழகம் சொல்வது 'பிரிஃபர்டு வாக்-ஆன்', அதாவது அணியில் இடம் உண்டு, பணம் இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற சென்டர் ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர்தான். ஆனால் கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு பெரிய கல்லூரிகளின் அணியில் 105 பேருக்கு மேல் இருக்க முடியாது. முன்பு இன்னும் பலருக்கு இடம் இருந்தது. இப்போது சுருக்கும்போது முதலில் வெளியே போவது உதவித்தொகை இல்லாதவர்கள். இரண்டாவது கல்லூரி எஃப்.சி.எஸ். பிரிவு, அதாவது பெரிய கல்லூரிகளுக்கு அடுத்த படி. அங்கே ஓர் உதவித்தொகையைப் பாதி, முக்கால் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். "ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எத்தனை டாலர், எத்தனை ஆண்டு, காயம்பட்டால் தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, டிவிஷன் III கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. உங்கள் மகனின் மதிப்பெண்ணுக்கு இந்த மூன்றாவதே கடைசிக் கணக்கில் மலிவாக வரலாம். அப்பாவிடம் ஒரு தாளில் மூன்றுக்கும் கையிலிருந்து போகும் தொகையை எழுதச் சொல்லுங்கள்.

வாய்வார்த்தை அழைப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் கையெழுத்தாகும் வரை பயிற்சியாளர் மாறலாம், மனமும் மாறலாம். அதோடு, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் 21, 22 வயது லைன்மேன்களை, அதாவது முன்வரிசை வீரர்களைப் பயிற்சியாளர்கள் இப்போது அதிகம் தேடுகிறார்கள்; உடம்பு தேறிய ஆள் உடனே களத்தில் நிற்பான் அல்லவா? ஆகவே ஓர் அழைப்பு கை நழுவினால் அதை அவன் குறையாக எண்ண வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.

இனி உடம்பு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். "இன்னும் 18 கிலோ ஏற்ற வேண்டுமாம். காலையில் எட்டு இட்லி சாப்பிட்டுப் போகிறவன் பத்து மணிக்கு மறுபடி பசி என்கிறான். இரண்டு தாத்தாக்களுக்கும் சர்க்கரை நோய்." அம்மா, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி லைன்மேன்கள் பலர் 136 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். நம் மண்ணின் வம்சத்தவருக்கோ மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. கிளீவ்லேண்டின் ஜோ தாமஸ் தொடர்ந்து 10,363 முறை களத்தை விட்டு விலகாமல் ஆடியவர், அழியாப் புகழ் பெற்ற லெஃப்ட் டேக்கிள். 2018இல் ஓய்வு பெற்ற கையோடு இருபது கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டார். அந்த எடையைத் தொழிலுக்காக வலிந்து சாப்பிட்டுத்தான் சுமந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். எடை இந்த வேலையின் கருவி. வேலை முடிந்ததும் அதை இறக்கிவைக்கத் தெரிய வேண்டும், இறக்குவதற்கு உதவியும் வேண்டும்.

ஆகையால் இப்போதே மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் பரிசோதித்து எழுதி வையுங்கள். இரவில் குறட்டை பலமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகும்போது அங்கே உணவு நிபுணர் இருக்கிறாரா, ஆட்டம் முடிந்த மாணவருக்கு எடை குறைக்க ஏதேனும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறும் கல்லூரி எனக்குப் பிடிக்காது.

தலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். லைன்மேனுக்குப் பெரிய அடி குறைவு, சிறிய மோதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலப்பல. 2017 ஜூலையில் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வில், தானமாகக் கிடைத்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் நாள்பட்ட மூளைச் சிதைவு தெரிந்தது. கல்லூரி அளவில் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு. ஏற்கெனவே குறி தெரிந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்வதால், ஆடுகிற எல்லாருக்கும் இதே விகிதம் என்று கொள்ளக்கூடாது. ஆனாலும் லேசாக எடுத்துக்கொள்ளும் செய்தி இல்லை. அந்த ஆய்வு வெளியான இரண்டாம் நாள் உர்ஷல் ஓய்வை அறிவித்தார். இரண்டு ஆண்டுக்கு முன் தலையில் பட்ட அடியால் சில காலம் உயர்கணிதம் செய்ய முடியாமல் போனதைச் சொன்னவர் அவர். கல்லூரியில் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி? தலைக்கவசத்தின் மேல் மென்மையான உறை போடுகிறார்களா? அடிபட்டவன் மீண்டும் களமிறங்கலாம் என்று சொல்வது மருத்துவரா, பயிற்சியாளரா? மகனிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்குங்கள்: தலைவலியை யாரிடமும் மறைக்க மாட்டேன் என்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, மகன் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உதவித்தொகை வாங்க அது தடை இல்லை. ஆனால் 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் பெறலாம், இப்போது கல்லூரிகளே வருவாயில் பங்கு தருகின்றன. எச்-4 பிள்ளைக்கு வேலை செய்யும் உரிமை கிடையாது. 21 வயது ஆனதும் அவன் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும், அதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. அணித்தோழர்கள் எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள் என்று இவனும் ஒரு சின்ன விளம்பரத்துக்குக் கையெழுத்திட்டால் குடும்பத்தின் பல ஆண்டுக் காத்திருப்புக்கே ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இன்ஜினீயரிங் விஷயத்தில் நான் அப்பா பக்கம், ஒரு நிபந்தனையோடு. பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. பயணம், காய சிகிச்சை, தானாகப் பார்க்கும் காணொளி எதுவும் அதில் சேராது. உண்மையில் அது ஒரு முழுநேர வேலை. பிற்பகல் ஆய்வக வகுப்பும் பிற்பகல் பயிற்சியும் மோதினால் பையன் எதை விடுவான்? காலையில் பயிற்சி வைக்கும் கல்லூரியாக இருந்தால் நல்லது. அங்கே இன்ஜினீயரிங் படிக்கும் லைன்மேன் ஒருவனைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படி ஒருவனும் இல்லை என்றால் அதுவே பதில்.

வரும் சனிக்கிழமை மூவரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல் முழுவதும் வேண்டும். பதினாறு அடிப்படைப் பாடங்களில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கோடை விடுமுறையில் அவன் இணையவழி படித்த பாடம் அதில் சேருமா என்று பார்க்க வேண்டும். மூன்று கல்லூரிகளும் அனுப்பிய மின்னஞ்சல்களை அச்செடுத்து வாருங்கள். அவன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் பதிவும் வேண்டும், நல்ல காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டியது வேண்டாம். அப்பாவை என் பக்கத்தில் உட்கார வைத்து, பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு மகனின் 72ஆம் எண் சட்டையை மட்டும் பார்க்கச் சொல்லப்போகிறேன்.