மெட்ரோ வருமென்று ஒத்தக்கடையில் மனை வாங்கலாமா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மனைவிக்கு மாட்டுத்தாவணி அருகே ஒரு கிளினிக்கில் வேலை. கடன் போட்டு மூன்று சென்ட் வாங்கலாம் என்று ஒத்தக்கடை, திருமங்கலம் இரண்டு ஊரிலும் பார்த்தோம். இரண்டிலுமே "மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே வருது" என்கிறார் தரகர். ஒத்தக்கடை மனைக்கு அதைச் சொல்லியே சென்டுக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். மெட்ரோ வருமா? நம்பி வாங்கலாமா?

பதில்: இடத்தை வாங்குங்கள். மெட்ரோவுக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள்.

தரகர் சொல்வது முழுப் பொய் இல்லை. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. பாதை வரைந்து, 11 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டு, தமிழக அரசு திட்ட அறிக்கையை டெல்லிக்கு அனுப்பியது. ஊருக்கு நடுவே சுரங்கம், மற்ற இடங்களில் தூண்மேல் பாதை. நீங்கள் பார்த்த இரண்டு ஊரும் அந்தப் பாதையின் இரண்டு நுனிகள். தரகர் சொல்லாமல் விட்டது அடுத்த பாதி. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோவையின் அறிக்கைக்கும் அதே கதிதான்.

காரணம், 2017-ன் மெட்ரோ ரயில் கொள்கை. 20 லட்சம் பேராவது உள்ள நகரம் வேண்டும் என்பது டெல்லி சொல்லும் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் புறநகரையும் சேர்த்தே மதுரைக்கு 15 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். இப்போதைய கூட்டத்துக்குத் தனிப்பாதை பஸ் போதும் என்ற பேச்சும் வந்தது. 'அந்தக் கணக்கு எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு, 20 லட்சம் இல்லாத ஆக்ராவுக்குக் கொடுத்தீர்களே' என்று தமிழக அரசு கேட்டது. என்னைக் கேட்டால் நியாயமான கேள்விதான். காலை ஒன்பது மணிக்குக் கோரிப்பாளையத்தில் நின்று பார்த்தவர் யாரும் மதுரையில் கூட்டம் போதாது என்று சொல்ல மாட்டார்.

சரி, நாளைக்கே ஒப்புதல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வெளிநாட்டுக் கடன் பேச வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். சென்னையில் 2009-ல் வேலை தொடங்கியது. முதல் ரயில் 2015 ஜூனில், அதுவும் கோயம்பேடு–ஆலந்தூர் துண்டில் மட்டும் ஓடியது. முதல் கட்டமாகத் திட்டமிட்ட 45 கி.மீ. முழுதும் ஓட 2019 பிப்ரவரி ஆனது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம நத்தம் ரோட்டைப் பாருங்கள். 7.3 கி.மீ. பறக்கும் பாலம். 2018-ல் தொடங்கி 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அதில் ரயில்பெட்டி இல்லை, சிக்னல் இல்லை, ஸ்டேஷன் இல்லை. வெறும் தூணும் ரோடும்தான்.

இதை உங்கள் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். சென்டுக்கு ஒரு லட்சம் என்றால் மூன்று சென்டுக்கு மூன்று லட்சம் கூடுதல். 9 சதவீத வட்டியில் 20 வருஷக் கடன் என்றால் அதற்கு மட்டும் மாதம் சுமார் 2,700 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஆறரை லட்சத்தை நெருங்கியிருக்கும். அதில் முதல் பத்து வருஷமாவது, இல்லாத ரயிலுக்கு மாதாமாதம் டிக்கெட் எடுத்த மாதிரிதான்.

ஆகவே இன்றைக்கு ஓடுவதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒத்தக்கடையில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் உயர் நீதிமன்றக் கிளையும் வேளாண் கல்லூரியும் அந்தப் பக்கமே இருப்பதால் மேலூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மாட்டுத்தாவணி ஐந்தாறு கிலோமீட்டர்தான். உங்கள் மனைவி சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டே கிடையாது. நீங்கள் கீழவாசல் வழி போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். திருமங்கலம் உங்களுக்குச் சரிப்படும். ஸ்டேஷன் இருக்கிறது, இரட்டைப் பாதை ஆனபின் கிராசிங்குக்காகக் காத்துக் கிடப்பதும் போய்விட்டது. சீசன் டிக்கெட் எடுத்து மதுரையில் இறங்கினால் டவுன்ஹால் ரோடு வழியே இருபது நிமிட நடை. (முன்பதிவுப் பெட்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள்.) ஆனால் உங்கள் மனைவி தினமும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒத்தக்கடைதான் என் ஓட்டு, மெட்ரோ கூடுதல் இல்லாத விலைக்கு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மனையில் போய் நில்லுங்கள். தரகர் காரில் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது. அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போங்கள். யானைமலையைப் பார்த்தபடி ஒரு கிலோமீட்டர் நடப்பது முதல் நாள் சுகமாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலிலும், மனைவி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும்போதும் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டுமானால் ஷேர் ஆட்டோ செலவையும் கடன் தவணையோடு சேர்த்துக் கொள்ளுங்கள்.

மெயின் ரோட்டை ஒட்டிய மனையைக் காட்டினால் இன்னும் கவனம். பாதை வந்தால் படிக்கட்டுக்கும் தூணுக்கும் இடம் எடுப்பது ரோட்டு முகப்பில்தான். இழப்பீடு வரும், ஆனால் மூன்று சென்டில் ஒரு சென்ட் போனால் மிச்சத்தில் என்ன வீடு கட்டுவீர்கள்? இரண்டு தெரு உள்ளே இருப்பதே நல்லது.

வில்லங்கச் சான்றும், மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த ஒப்புதலும் நீங்களே பார்ப்பீர்கள். அதோடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு எண்ணையும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிரித்து மனை போடுபவர் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்தில் சொன்ன தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். வேண்டாம் என்று விலகினால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். 'மெட்ரோ அருகில்' என்று அச்சடித்த நோட்டீஸைக் கசக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். பேரம் பேசும்போது அதை மேசையில் வைத்து, இதே வாசகத்தை ஒப்பந்தத்திலும் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால், அந்த மூன்று லட்சத்தைக் கழித்துவிட்டு விலையைப் பேச ஆரம்பியுங்கள்.