ஜிஎம்ஆர் இருந்தும் கலேயில் லாரியை ஏற்றவில்லையா?

பிரான்சின் கலே துறைமுகத்தில், பிரிட்டனின் டோவருக்குப் போகும் படகில் உங்கள் லாரியை ஏற்ற மறுத்துவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஜிஎம்ஆர் என்பது ஒரு லாரியின் சரக்கு அறிவிப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் பிரிட்டிஷ் சுங்க எண். அது கையில் இருந்தால் போதாது, அதன் நிலை 'ஓப்பன்' (பயணத்துக்குத் தயார்) என்று இருக்க வேண்டும். உங்களுக்குக் காட்டும் 'நாட் ஃபைனலைசபிள்' (இன்னும் முழுமையாகவில்லை) நிலையில் எந்தப் படகு நிறுவனமும் டோவருக்கு ஏற்றாது. 2022 ஜனவரி முதல் இதுதான் விதி. டிரைவர் கெஞ்சிப் பயனில்லை.

உங்கள் லாரியில் பலருடைய சரக்கு இருக்கிறது என்கிறீர்கள். அங்கேதான் சந்தேகம். யாரோ ஒருவரின் இறக்குமதி அறிவிப்பு பிரிட்டிஷ் சுங்கத்தில் இன்னும் பதிவாகியிருக்காது, அல்லது எம்ஆர்என்னை, அதாவது அந்த அறிவிப்புக்குச் சுங்கம் தரும் எண்ணை, தப்பாக அடித்திருப்பார்கள். 18 இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்தது. ஓ-வையும் பூஜ்யத்தையும் குழப்பாதவர் யார்?

1. சுங்க ஏஜென்டிடம் எம்ஆர்என் பட்டியலை வாங்குங்கள். வாட்ஸப் போட்டோவாக வேண்டாம், அப்படியே ஒட்டக்கூடிய எழுத்தாக.
2. ஜிஎம்ஆரில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தப்பானதைத் திருத்துங்கள். செக்-இன்னுக்கு முன் அதே ஜிஎம்ஆரைத் திருத்தலாம், புதிது வேண்டாம்.
3. லாரி மாறியிருந்தால் வண்டி எண்ணையும் மாற்றுங்கள்.

ஒன்று, 'ஓப்பன்' ஆகிவிட்டால் சோதனையே இல்லை என்று நினைக்காதீர்கள். படகு கிளம்பியபின் டிரைவர் மறுபடி நிலையைப் பார்க்கணும். சோதனை என்று வந்தால் செவிங்டன் மாதிரி உள்நாட்டு நிலையத்துக்குப் போகச் சொல்லும். இறைச்சி, பால் பொருள் இருந்தால் அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.