வாசகர் கேள்வி: விளையாட்டுகளில் நகரங்களின் பிரம்மாண்டம்

கேள்வி: விருப்பம்போல் எங்கும் சுற்றித்திரிய இடம் தரும் 'திறந்த உலக' வீடியோ விளையாட்டுகளில் சில கற்பனை நகரங்கள் மட்டும் நம்மை மலைக்க வைப்பது ஏன்? பரப்பளவுதான் காரணமா?

பதில்: பரப்பளவைவிட, நகரை நாம் சென்றடையும் விதமே முக்கியமானது என்பேன். 2011-இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' விளையாட்டின் வொயிட்ரன் நகரில் வீடுகள் மிகக் குறைவு. ஆயினும் குன்றின் உச்சியில் எழுந்து நிற்கும் அரண்மனை, சமவெளியில் நெடுந்தொலைவு நடந்து வருபவரின் கண்ணில் முன்கூட்டியே பட்டுவிடுவதால், வாயிலை அடையும் முன்பே மதிப்பு கூடிவிடுகிறது.

2015-இல் வந்த 'தி விட்சர் 3' இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. அதன் நோவிகிராட் நகரை நெருங்கும்போது வயல்களும் புறநகர்க் குடிசைகளும் முதலில் எதிர்ப்படுகின்றன. அடுத்த பகுதி தயாராகும்வரை நம்மை நிறுத்திவைக்கும் காத்திருப்புத் திரை ஏதும் குறுக்கிடாமல் மதிலைக் கடந்து, இருபுறமும் வீடுகள் நெருக்கும் தெருக்களில் ஆட்களை விலக்கிக்கொண்டு நடக்கிறோம். திடீரென்று பெரிய சந்தைச் சதுக்கம் கண்முன் விரிகிறது. அந்த நெருக்கடியை உடலால் உணர்ந்தவருக்குத்தான் அந்த வெட்டவெளி அவ்வளவு பெரிதாகத் தோன்றும். இரவில் தெருக்களின் நடமாட்டம் மாறுவதையும் ஒருமுறை நின்று கவனியுங்கள். நாம் இல்லாதபோதும் அங்கே வாழ்க்கை நடக்கிறது என்ற நம்பிக்கை அப்போது பிறக்கிறது.