ஸ்வெட்டருக்கு அழுகை, அழுகைக்கு செல்போன்

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. காலையில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாலே தரையில் விழுந்து புரள்கிறான். நான் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பாட்டி செல்போனைக் கொடுத்து அடக்குகிறார். இரண்டு முறை அழுதபடியே மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. பயமாக இருக்கிறது.
‍– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: மூச்சு விஷயத்தை முதலில் பார்ப்போம். வீறிட்டு அழும் குழந்தை மூச்சை வெளியே விட்டதும் உள்ளே இழுக்காமல் நின்றுவிடுகிறது. அவன் வேண்டுமென்று செய்வதல்ல இது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு வந்துவிடும். அதுவரை தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், உலுக்காதீர்கள், வாயில் விரலோ ஸ்பூனோ விடாதீர்கள். ஒரு நிமிடம் தாண்டினாலோ, அழாமலே இப்படி ஆனாலோ, கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது சரியாக இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இரண்டையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். நம் மலையில் சின்னப் பிள்ளைக்கும் வர்க்கியை டீயில் நனைத்துக் கொடுக்கிறோம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கும். அதை இன்றே நிறுத்துங்கள். கீரை, பருப்பு கொடுக்கும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இனி ஸ்வெட்டர். கதகதப்பான கம்பளியிலிருந்து எழுந்த உடம்பில் சில்லென்ற ஸ்வெட்டர் பட்டால் யாருக்கும் பிடிக்காது. கழுத்தில் கம்பளி குத்தும். தலை வழியாக மாட்டும்போது முகம் மூடிப் பயமும் வரும். அதனால் அவன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஸ்வெட்டரைப் போர்வைக்குள் வைத்துவிடுங்கள். உள்ளே முழுக்கை பருத்தி பனியன், மேலே முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர். பசியோடு போட்டால் சண்டைதான், முதலில் நாலு வாய் கஞ்சி. "ஸ்வெட்டர் போடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். "சிவப்பா, நீலமா?" என்று கேளுங்கள்.

அப்படியும் புரண்டால், கணப்புச் சட்டி, வெந்நீர்ப் பக்கமிருந்து அவனைத் தள்ளி உட்கார வைத்து, பக்கத்திலேயே நீங்களும் உட்காருங்கள். "ஸ்வெட்டர் பிடிக்கலை, கோபம் வருது, அம்மா இங்கதான் இருக்கேன்." அவ்வளவுதான், பிறகு பேச்சே வேண்டாம். அடித்தால் கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் மடியில் எடுத்து ஸ்வெட்டரைப் போடுங்கள். அதற்காக அரை மணி முன்னதாக எழுப்புவது நல்லது.

செல்போனைத்தான் நாங்கள் பெரிய சிக்கலாகப் பார்க்கிறோம். பத்து நிமிடம் அழுத பிறகு கிடைத்தால், பத்து நிமிடம் அழ வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். நிறுத்திய முதல் சில நாள் அழுகை இன்னும் கூடும். மூன்றாம் நாள் மனம் இளகிக் கொடுத்தால், கூடிய அழுகையே பழக்கமாகிவிடும். முந்தின இரவே பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லி, காலையில் போனைக் கண்ணில் படாமல் வையுங்கள். பார்க்கட்டும் என்றால் மாலையில், அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.