மராமத்து வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நாற்பது வயதாகிறது. மொட்டை மாடி ஒழுகுகிறது. மாடிக் குளியலறைக்குக் கீழே கூடத்துச் சுவரில் ஓதம் இறங்குகிறது. ஒரு கான்ட்ராக்டர் மொத்தமாக 4.5 லட்சம் கேட்டு, பாதியை முன்பணமாகத் தரச் சொல்கிறார். இன்னொருவர் 6 லட்சம் என்கிறார். குறைந்த தொகையே போதும் என்பது என் கணவரின் கருத்து. யாரை நம்புவது?
– வாசகி, மதுரை

பதில்: இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, தளத்து விரிசலை அடைத்து, வாட்டம் சரிசெய்து புதிதாக ஓடு பதிப்பது ஒரு வேலை. இருக்கும் ஓட்டின்மேல் ரசாயனப் பூச்சை அடித்துவிட்டு இறங்கி வருவது வேறு வேலை. ஒழுகலை நிறுத்துவதாகத்தான் இரண்டையும் சொல்வார்கள்.

ஆகவே வேலைப்பட்டியலை நீங்களே எழுதி, அதே தாளை இருவரிடமும் கொடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, சதுர அடி விலை, சிமெண்ட், குழாய் ஆகியவற்றின் வகை, இடித்த குப்பையை அள்ளும் பொறுப்பு யாருடையது என்பவை அதில் இருக்க வேண்டும். மராமத்தில் மனஸ்தாபம் பெரும்பாலும் 'எக்ஸ்ட்ரா' என்ற ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. தரையைக் கொத்திய பிறகே உள்ளே துருப்பிடித்த குழாய் கண்ணில் படும் என்பதால், கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்திட்ட பின்பே தொடங்கலாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அடுத்து, அவர் வேலை முடித்து இரண்டு மழைக்காலமாவது கடந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பளபளக்கும் டைல்ஸைப் பார்க்காமல், குளியலறைக்குக் கீழ் உள்ள கூரையை அண்ணாந்து பாருங்கள். பணம் வாங்கிய பிறகும் கூப்பிட்டால் வந்தாரா என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் அமர்த்திய ஒருவர், கடைசித் தவணை கைக்குப் போன நாள் முதல் என் தொலைபேசி அழைப்பை எடுக்கவே இல்லை.

பாதி முன்பணம் தரவே வேண்டாம். பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, மீதியை வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக வங்கி வழியே செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள்களும் ஒப்பந்தமும்தான் சாட்சி. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

குளியலறையில் நீர்காப்பு வேலை முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்ப்போக்கியைத் துணியால் இறுக அடைத்து, தண்ணீர் கட்டி, நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டு வையுங்கள். 48 மணி நேரத்தில் மட்டம் கோட்டைவிட்டுக் கணிசமாக இறங்கினாலோ, கீழே கூரை ஈரம் காட்டினாலோ, டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள். மாடிக்கு இந்தச் சோதனையை அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையே செய்துவிடும். எனவே செப்டம்பருக்குள் வேலையை முடித்து, மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை தீபாவளி மழை வரை நிறுத்திவைக்க இருவரில் யார் சம்மதிக்கிறாரோ, அவரிடமே வேலையைக் கொடுங்கள்; அவர் 6 லட்சம் கேட்டவராகவே இருந்தாலும் சரி.